குஞ்சிதபாதத்தின் பதிலாள்

குஞ்சிதபாதம் கத்தாருக்கு விமானம் ஏறிய சில மாதங்களிலேயே வீடு திரும்பினான். முழு ஆளாக அல்ல, செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியாக. ஆற்று ஆணையத்திலிருந்து வந்த பணியாளர் கூடத்துச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் அவனை மாட்டினார்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. “தையலு, தண்ணி கொண்டா,” என்றது.

தையல்நாயகி பதறிப்போய்ச் சமையலறைப் பக்கம் ஓரெட்டு வைத்துவிட்டாள். அப்புறம்தான் நின்று திரும்பிப் பார்த்தாள். பணியாளரோடு வந்திருந்த உதவிப் பொறியாளர் நிவேதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அதுக்குத் தண்ணி வேணாம்க்கா. பழக்கத்துல கேக்குது. அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ், போன்ல பேசினது எல்லாத்தையும் வெச்சு உருவாக்கினது. அவர் எப்படி யோசிப்பாரோ அப்படியே யோசிக்கும். பேரு பதிலாள்.”

“எதுக்கு மேடம் இது?”

“வெள்ளம் வந்தா தண்ணிய எந்தப் பக்கம் திருப்பறதுன்னு ஆத்துச் சபை ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும்னு சட்டம் வந்திருக்கு. ஓட்டு பட்டாதாரருக்கு. உங்க திட்டுல பட்டாதாரர் எல்லாரும் கத்தார்லயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க. போன வருஷம் சபையக் கூட்டினோம். ஒரே ஒருத்தர் வந்தார். அவருக்கும் காது கேக்கலை.”

“நான் இருக்கேனே மேடம். அடுத்த வீட்டுல சௌந்தரி இருக்கா. நிலத்துல நாங்கதானே நிக்கிறோம்?”

“நிலத்துல நீங்க நிக்கிறீங்க. பட்டாவுல அவர் நிக்கிறாரே.” நிவேதா குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் பிடிக்கலைக்கா. சட்டம் எழுதினவங்க என்னைக் கேட்டு எழுதலை.”

நாணல்திட்டு கொள்ளிடத்தின் நடுவில் ஆறே மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கின தீவு. உண்டாக்கின உரிமையில் நினைத்தபோது வந்து திருப்பிக் கேட்கும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஆண்கள் ஒவ்வொருவராகக் கடல் தாண்டினார்கள். பெண்கள் முல்லைக் கொடியையும் ஆடுகளையும் குடங்களையும் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். குஞ்சிதபாதம் என்பது சிதம்பரத்து நடராசர் தூக்கி நிற்கும் பாதத்தின் பெயர். தையல்நாயகியின் புருஷனும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு காலை வாசலுக்கு வெளியேதான் தூக்கி வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. இங்கே இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் மேலே அணையைத் திறந்தார்கள். ஆணையத்தின் கணினி இரண்டு வழிகள் சொன்னது. ஒன்று, திட்டின் கரையை வெட்டிக் கொல்லைகளுக்குள் தண்ணீரை விட்டு ஆற்றின் வேகத்தைக் குறைப்பது. மற்றது, அக்கரையில் இருக்கும் பழைய வடிவாய்க்காலைத் திறந்துவிடுவது. அந்த வாய்க்காலின் மேல்தான் ராஜமாணிக்கத்தின் இறால் குட்டைகள் இருந்தன.

சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. கூடியது என்றால், பெண்கள் அவரவர் புருஷனைத் தூக்கிக்கொண்டு போய் அவரவர் நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். பட்டாதாரர் அல்லாதவர் உள்ளே இருக்கக் கூடாது. அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள். உள்ளே மின்விசிறி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. உறுப்பினர்களுக்கென்று விதிப்படி வந்த டீ ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஆறி ஏடு கட்டியது.

“திட்டுக் கரையை வெட்டலாம் என்போர்?” என்று கேட்டார் தலைவர்.

எல்லாப் பெட்டிகளும் பச்சை காட்டின.

“ஐயோ, எங்க வீட்டாளுங்களே எங்களை முங்கடிக்கிறாங்களே,” என்று ஜன்னலில் நின்ற சௌந்தரி கத்தினாள். அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கரையை வெட்டினார்கள். முல்லைக் கொல்லையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. முல்லைக்கு வேர் நனைந்தால் போதும், தண்ணீரில் நிற்கக் கூடாது. வடிந்தபோது கொடியெல்லாம் வெந்த கீரை மாதிரி கிடந்தது. போர்க் குழாயில் சேறு வந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இருக்க, தையல்நாயகி குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மார்பளவு வெள்ளத்தில் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக் குழாய்க்கு நடந்தாள். மண்டபத்தில் தங்கவைத்திருந்த பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. பொழுது சாயட்டும் என்று பகல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சௌந்தரிக்கு அந்த வாரத்தில்தான் மாதவிலக்கும் வந்தது. ஈரப் புடவையின் கிழிசல் தவிர வேறு துணி இல்லை.

வீடு காய்ந்ததும் தையல்நாயகி பெட்டியின் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

“என்னடி பண்ணிட்டேன்? பூக்கொல்லையில என்ன பெரிசா வந்துடப் போவுது? நீ ஏதோ பொழுது போகப் பறிக்கிற. ராஜமாணிக்கம் அண்ணன் எங்களுக்கெல்லாம் விசா வாங்கிக் குடுத்தவரு. அவர் குட்டையில தண்ணிய விட்டுட்டு அவர் மூஞ்சியில முழிக்க முடியுமா?”

பெட்டியைக் குறை சொல்ல முடியாது. அச்சு அசல் அவனேதான். அடுத்த வெள்ளிக்கிழமை தோகாவிலிருந்து போனில் வந்த அசல் குஞ்சிதபாதமும் அதையேதான் சொன்னான், வார்த்தை மாறாமல்.

*

கோபத்தில்தான் அவள் பெட்டியோடு பேச ஆரம்பித்தாள். அசலோடு சண்டை போட முடியாது. போனில் சத்தம் போட்டால் “டவர் இல்லை” என்று வைத்துவிடுவான். பெட்டி வைக்காது. ஆணியில்தான் தொங்க வேண்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

“பொழுது போகவா பறிக்கிறேன்? வாங்க, காட்டறேன்,” என்று ஒரு நாள் விடிகாலையில் ஆணியிலிருந்து கழற்றி, கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். புதிதாகப் பதியன் போட்ட கொடிகளுக்கு நடுவில் ஒரு குச்சியில் மாட்டினாள். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டிய அவசரம், முதுகு பிடித்துக்கொள்வது, அக்கரைச் சந்தைக்கு முதல் படகைப் பிடிப்பது எல்லாவற்றையும் வாய் ஓயாமல் அதனிடம் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போது ஒரு இடுப்பில் குடமும் மறு இடுப்பில் புருஷனுமாகப் போனாள்.

பார்த்த சௌந்தரி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் வீட்டுக்காரனையும் கழற்றிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளில் திட்டு முழுக்கப் பெண்கள் புருஷனைத் தூக்கிக்கொண்டுதான் கொல்லைக்கும் குழாயடிக்கும் போனார்கள்.

பராமரிப்புக்கு வந்த நிவேதாவிடம் தையல்நாயகி கேட்டாள். “மேடம், நான் சொல்றதெல்லாம் அதுக்கு ஏறுதா?”

“ஏறும்க்கா. அவர் பேசறதையும் கேக்கும், வீட்டுல பேசறதையும் கேக்கும். புதுசா எது அதிகமா வருதோ அதுக்குத் தகுந்த மாதிரி மாறும். அவர் வாரத்துக்கு எவ்வளவு நேரம் பேசறார்?”

“சாப்பிட்டியாம்பார். சாப்பிட்டேம்பேன். வெச்சிடுவார்.”

நிவேதா பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப ஏறும்,” என்றாள். பையை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விட்டாள்.

ஏறத்தான் செய்தது. ஒரு நாள் பெட்டி, “தையலு, தெற்கு மூலையில செடி வாடியிருக்குமோ, உன் பேச்சு அந்தப் பக்கமே போகலையே ரெண்டு நாளா,” என்றது. இன்னொரு நாள், “முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சியா?” என்றது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. அப்படி ஒருவன் காத்திருப்பது தையல்நாயகிக்குப் புதிது. எழுந்து அடுப்பை ஊதப் போய்விட்டாள். கேஸ் அடுப்பு என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

சௌந்தரியின் வீட்டில் இன்னும் விசேஷம். அவள் புருஷனின் பெட்டி, கல்யாணமான புதிதில் அவளைக் கை நீட்டி அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டதாம். அசல் ஆள் சிங்கப்பூரில் எதுவும் அறியாமல் கப்பலுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான்.

“அக்கா, பெட்டியா இருக்கறப்ப எவ்வளவு நல்லவனா இருக்கான் பாரு,” என்றாள் சௌந்தரி. சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், கண் கலங்கிவிட்டது.

அடுத்த பெருவெள்ளத்தில் சபை கூடியது. அதே இரண்டு வழி, அதே நாற்காலிகள். தலைவர் பழக்கத்தில், “திட்டுக் கரையை வெட்டலாம் என்போர்?” என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. குஞ்சிதபாதத்தின் பெட்டி மட்டும் தொண்டையைச் செருமியது.

“ஐப்பசியில மொட்டுக் கட்டுற நேரம் தலைவரே. தண்ணி வாய்க்கால்ல போகட்டும். வாய்க்காலுக்குன்னுதானே அந்த எடத்தை விட்டு வெச்சது?”

வடிவாய்க்கால் திறந்தது. ராஜமாணிக்கத்தின் இறால்கள் அன்று மாலைக்குள் கடலைப் பார்த்துவிட்டன. நாணல்திட்டில் அந்த வருஷம் பூத்த முல்லையை வாங்க அக்கரையிலிருந்து படகு திட்டுக்கே வந்தது.

*

ராஜமாணிக்கம் சும்மா இருப்பாரா? “இது ஆம்பளைங்க போட்ட ஓட்டே இல்லை. பொம்பளைங்க பெட்டிக்குப் பாடம் சொல்லிக் குடுத்துருக்காங்க. அசல் ஆளோட வெச்சுச் சோதிச்சுப் பாருங்க,” என்று ஆணையத்தில் மனுக் கொடுத்தார். ஆணையமும் சரியென்றது. அசலிடமும் பதிலாளிடமும் அவரவர் நிலத்தைப் பற்றி ஒரே கேள்விகளைக் கேட்பது. யார் பதில் நிலத்தோடு பொருந்துகிறதோ அவரே செயல்படும் உரிமையாளர். கேள்விகளை எழுதியவர்கள், நிலத்தின் சொந்தக்காரனுக்கு நிலத்தைப் பற்றித் தெரியாமலா போகும் என்று நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

மற்றவர்களுக்குப் போனில் சோதனை. குஞ்சிதபாதம் மட்டும் நேரிலேயே வந்து இறங்கினான். டிக்கெட் யார் எடுத்துக் கொடுத்தது என்று அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. முன்னந்தலை வழுக்கையாகி, இளைத்து, ஒரு பெரிய சூட்கேஸோடு வாசலில் நின்றான். தன் வீட்டுக்குள் செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல் விழித்தான்.

“தையலு, தண்ணி கொண்டா,” என்றான்.

சுவரிலிருந்து அதே குரல், “பானை அந்த மூலையில இருக்கு, நீயே எடுத்துக்கயேன். அவ இப்பத்தான் கொல்லையிலேர்ந்து வந்தா,” என்றது.

குஞ்சிதபாதம் பயந்துபோய்ச் சுவரைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு போய்த் தானே எடுத்துக் குடித்தான்.

சோதனை பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஆள் ஊரில் இருக்கும்போது பெட்டி சபையில் பேசக் கூடாது, ஆனால் அன்றைக்கு விலக்கு. நிவேதா கேள்விகளை வாசித்தாள்.

“உங்க கொல்லைக்குக் கிழக்கெல்லையில என்ன இருக்கு?”

“புளியமரம்,” என்றான் குஞ்சிதபாதம் உடனே.

“புளியமரம் புயல்ல விழுந்துடுச்சு. இப்ப சௌந்தரி வேலி,” என்றது பெட்டி.

“வெள்ளம் வந்தா முதல்ல எந்த மூலையில ஏறும்?”

குஞ்சிதபாதம் யோசித்தான். பெட்டி யோசிக்கவில்லை. இப்படியே போனது. போர்க் குழாய், ஆடு கட்டும் இடம், எந்தச் செடி எப்போது நட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் ஞாபகத்திலிருந்து ஒரு பழைய ஊரை எடுத்து வைத்தான். அந்த ஊர் ஆற்றோடு போய் நாளாகியிருந்தது. கடைசியில் ஆணையத்தின் கணினி தீர்ப்புச் சொன்னது. செயல்படும் உரிமையாளர் குஞ்சிதபாதம், பதிலாள் வடிவில். எதிரே நிற்பவர் தற்காலிக வருகையாளர். போனில் சோதிக்கப்பட்ட மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

பணியாளர் வந்து வருகையாளரை வெளியே போகச் சொன்னார். பட்டாதாரர் அல்லாதவர் உள்ளே இருக்கக் கூடாதே.

“என்னய்யா கூத்து இது? நான் உசுரோட நிக்கிறேன்யா!” என்று அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த சௌந்தரி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். “நாங்களும் ரொம்ப வருஷமா உசுரோடதான் நிக்கிறோம், அண்ணே. இங்க வாங்க, இந்தப் பக்கம் சாரல் அடிக்காது.”

*

அவமானம் சில பேரைக் கெடுக்கும், சில பேரைக் கரைக்கும். குஞ்சிதபாதம் இரண்டாவது வகை. சில நாள் திண்ணையிலேயே கிடந்தான். அப்புறம் விடிகாலையில் அவள் பின்னாலேயே கொல்லைக்கு வந்தான். கூடையைப் பிடித்தான். மொட்டைக் காம்போடு கிள்ளாமல் பிய்த்துத் திட்டு வாங்கினான். ஒரு வாரம் கழித்து, குனிந்தபடியே சொன்னான்.

“இவ்வளவு வேலை இருக்கும்னு நினைக்கலை தையலு. நிலத்தை உன் பேருக்கே எழுதிடறேன்.”

இருவருமாக நிவேதாவிடம் போனார்கள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “இத்தனை வருஷம் இவர் கையெழுத்துச் செல்லும், இவர் போடலை. இப்பப் போடறேங்கறார், செல்லாது. செயல்படும் உரிமையாளர் சம்மதிக்கணும். பெட்டிக்கிட்டக் கேளுங்க.”

தையல்நாயகிக்கு நம்பிக்கை இருந்தது. தன் வாயால் சொல்லிச் சொல்லி வளர்த்தது. வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“எதுக்குத் தையலு?” என்றது பெட்டி. அத்தனை பிரியமாகச் சொன்னது. “உன் மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா? சபை, ஆபீசு, கையெழுத்துன்னு அந்தத் தொல்லையெல்லாம் உனக்கு எதுக்கு? அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா இரு.”

அசல் குஞ்சிதபாதம் பெட்டியை நிமிர்ந்து பார்த்தான். அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தை கூட அவனுடைய பழைய பேச்சு இல்லை. இருந்தும் அது தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

தையல்நாயகி மறுபடி நிவேதாவிடம் போய்க் கேட்டாள். “நான்தானே மேடம் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். இதை எங்கேர்ந்து கத்துக்கிச்சு?”

“உங்க மேல அக்கறை வைக்கச் சொல்லிக் குடுத்தீங்க, வெச்சிருக்கு. உங்க கஷ்டத்தைச் சொன்னீங்க, இனிமே கஷ்டப்பட வேணாங்குது. சபையில நாற்காலியில உக்கார வெச்சு எல்லாரும் அதுகிட்ட மரியாதையாப் பேசறாங்க இல்லையா, அதையும் கத்துக்குது. அது தப்பாப் போகலைக்கா. நல்ல புருஷனா ஆகியிருக்கு. அவ்வளவுதான்.”

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை ராஜமாணிக்கம் மனுக் கொடுக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நேரே தையல்நாயகியின் வீட்டுக்கு வந்தார். அவளிடம், “தம்பி இருக்காப்லயா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். வருகையாளர் குஞ்சிதபாதத்தைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியோடு வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார். போகும்போது பெட்டிக்குக் கும்பிடு போட்டார்.

“என்ன சொன்னார்?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“சமாதானமாப் போயிடலாம்னார். வடிவாய்க்கால் வேணாம், முழுத் திட்டும் வேணாம். கீழண்டைக் கரையை மட்டும் வெட்டினாப் போதும். நம்ம கொல்லைக்கு ஒரு சொட்டு வராது. அதை அடிச்சுப் பேசி வாங்கிட்டேன்.” பெட்டியின் குரலில் பெருமை வழிந்தது. “மத்த ஆளுங்ககிட்டயும் பேசிட்டேன். நாளன்னைக்குச் சபையில நான் என்ன சொல்றேனோ அதுதான்.”

“கீழண்டைன்னா சௌந்தரி கொல்லை.”

“ஆமா.”

“அவ வீட்டுக்குள்ளயும் போவும்.”

“அது அவ புருஷன் பாத்துக்க வேண்டியது தையலு. நான் உன்னைத்தானே பாக்க முடியும்?”

அவள் அன்று சமைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே படகுத்துறையில் வெள்ளம் அளக்க வந்திருந்த நிவேதாவைப் பிடித்தாள்.

“மேடம், பெட்டிக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்ணுவீங்க? இன்னொண்ணு தருவீங்களா?”

“முன்ன தந்தோம். இப்ப முடியாது. ஒரு ஆளுக்கு ரெண்டு இருந்தா ரெண்டு ஓட்டாயிடும்னு பிரதி வெச்சுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அசல் ஆள்கிட்டேர்ந்து மறுபடி எடுக்கலாம்னா, அசல்தான் பொருந்தலைன்னு தீர்ப்பாயிடுச்சே.” சொல்லிக்கொண்டே வந்த நிவேதா நிறுத்தினாள். தையல்நாயகியின் முகத்தைப் பார்த்தாள். அளவுகோலை மெதுவாகக் கீழே வைத்தாள். “செயல்படும் உரிமையாளர் நின்னுபோனா இறந்ததாத்தான் கணக்கு. நிலம் வாரிசுக்குப் போகும். அன்னைக்கே.”

“வாரிசு யாரு?”

“மனைவி.”

துறையில் படகைப் பிடித்துக்கொண்டிருந்த குஞ்சிதபாதம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வீட்டுக்கு வரும் வழியில், “நான் வேணா செய்யட்டுமா?” என்றான். தன்னைக் கொல்லத் தானே முன்வந்த முதல் புருஷன் அவனாகத்தான் இருக்கும்.

“வேணாங்க. நீங்க செஞ்சா நல்லாருக்காது. நான்தான் தூக்கி வளர்த்தேன்,” என்றாள் அவள்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெட்டியை ஆணியிலிருந்து கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“எங்க போறோம்?”

“தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்க.”

“நல்லது. சபையில சொல்ல உதவும்.”

கரையேறி, சரிவில் இறங்கி, நாணலை விலக்கிக்கொண்டு போனாள். கொள்ளிடம் கலங்கிய தேநீர் நிறத்தில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவு வந்தது, தொடை அளவு வந்தது. கரை மேல் நின்ற குஞ்சிதபாதம் வேறு பக்கம் பார்க்க நினைத்தான், முடியவில்லை. தான் சாவதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

“தையலு,” என்றது பெட்டி. “காலைப் பாத்து வை. அந்த எடத்துல வழுக்கும். போன வருஷம் நீ விழுந்தியே.”

அவள் நின்றாள். அந்த வழுக்கலைப் பற்றி உலகத்தில் அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. இடுப்பு அளவுத் தண்ணீரில், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆற்றுக்குக் கேட்காத குரலில் ஏதோ சொன்னாள். அது “சரிங்க” என்றது. அவள் குனிந்தாள். பச்சை விளக்கு சேற்றுத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் தெரிந்தது. மஞ்சளாயிற்று. பிறகு தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

கரைக்கு வந்ததும் மடங்கி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு ஊரே ஓடி வந்தது. சடங்குக்காக அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், எவ்வளவு தத்ரூபம் என்று மெச்சவும் செய்தார்கள். அசல் குஞ்சிதபாதம் ஒருவனுக்குத்தான் அது நடிப்பில்லை என்று தெரிந்தது. தனக்காக அவள் இப்படி அழுவாளா என்று அவன் யோசித்துப் பார்த்தான். பதிலைத் தேடிப் போக வேண்டாமென்று அவள் தோளில் துண்டைப் போர்த்தினான்.

*

மறுநாள் சபையில் பெயர் கூப்பிட்டார்கள். “தையல்நாயகி, கணவர் பெயர் காலஞ்சென்ற குஞ்சிதபாதம்.” காலஞ்சென்றவன் வாசல்வரை குடை பிடித்துக்கொண்டு வந்து விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றான். பெட்டிகள் வந்த நாளிலிருந்து முதன்முறையாக ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, அதில் எடையுள்ள ஒருவர் உட்கார்ந்ததால்.

கீழண்டைக் கரைக்கு ஓட்டுக் கேட்டார் தலைவர். ராஜமாணிக்கம் பேசிவைத்திருந்தபடி வழி சொல்லக் குஞ்சிதபாதம் இல்லை. பெட்டிகள் தடுமாறின. பாதி பச்சை, பாதி இருட்டு. முடிவாகாமல் சபையை அடுத்த நாளைக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு நாள். அதற்குள் எதுவும் மாறிவிடாது என்று தலைவர் நினைத்தார்.

பெண்கள் அவரவர் புருஷனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். சௌந்தரி தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அது அவளிடம் மன்னிப்புக் கேட்ட பெட்டி. பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், கரைப் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

வடிவாய்க்காலைத் திறந்து, வெள்ளம் வடிந்து, முல்லை மறுபடி மொட்டு விட்ட பிறகு நிவேதா சேத அறிக்கை எழுத வந்தாள். தையல்நாயகியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விசாரித்து எழுதிக்கொண்டாள். குஞ்சிதபாதம் காபி கொண்டுவந்து வைத்தான். தோகாவில் அவன் இன்னும் உயிரோடு இருந்தபடியால் அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பப் போகிறான்.

“பயிர்ச் சேதம்?”

“இல்லை மேடம்.”

“ஆடு மாடு?”

“எல்லாம் பத்திரம்.”

நிவேதா ‘உயிர்ச் சேதம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. “அக்கா, இதை நான் எப்படி எழுதுவேன்? ஆறு பொங்கினா எப்பவும் பொம்பளைங்கதான் நிறையச் சாவாங்க. புடவை காலைச் சுத்தும், நீச்சல் தெரியாது, வீட்டை விட்டுட்டுக் கிளம்ப மாட்டாங்க. எந்த ஊர் அறிக்கையை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். உங்க ஊர்ல மட்டும் ஒரு பொம்பளை கூடச் சாகலை. ஆம்பளைங்க மொத்தமும் முங்கிட்டாங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு.”

தையல்நாயகி வெறும் ஆணியைப் பார்த்தாள். அதில் இன்னும் காலண்டரை மாட்டவில்லை. மனம் வரவில்லை.

“அவங்களுக்கு ஆத்தைப் பத்தித் தெரியாது மேடம்,” என்றாள். “அப்படியே எழுதிக்குங்க.”

நிவேதா அப்படியே எழுதிக்கொண்டாள்.